பாட்டோடு உட்கார்ந்திருக்கும் கேலி: வில்லுப்பாட்டு முதல் யூரோவிஷன் வரை

பாட்டுப் போட்டி நடக்கும் இடத்தில் பாடுகிறவரும் மதிப்பெண் போடுகிறவரும் மட்டும் இருப்பதில்லை. மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். பாட்டை வரிவரியாக அறிந்து வைத்திருப்பார். அதன்மேல் தீராத பிரியமும் இருக்கும். அந்த உரிமையிலேயே அதைக் கேலியும் செய்வார். ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் நடத்தும் யூரோவிஷன் போட்டியில் இந்த ரசிகரின் செல்வாக்கு பெரிது. தமிழ்நாட்டின் தென்கோடியில் அவரைப் பாடகருக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்த கலை ஒன்று, யூரோவிஷன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. அதுதான் வில்லுப்பாட்டு. அது வழங்கும் இதே கடற்கரை, பின்னால் கொழும்பு வானொலியின் பாட்டுப் போட்டிகளுக்கும் காது கொடுத்தது. கடல் கடந்து வரும் பாட்டை ரசித்துச் சிரிக்கும் பழக்கத்தைப் புரிந்துகொள்ள உடன்குடி வட்டாரம் நல்ல தொடக்கம்.

உடன்குடி, திருச்செந்தூருக்குத் தெற்கே பனையும் செம்மண் தேரியும் சூழ்ந்த ஊர். அதன் பனங்கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. சுற்றியுள்ள ஊர்களில் சுடலைமாடன், முத்தாரம்மன், இசக்கி கோயில்களின் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு நெடுங்காலமாக நடந்துவருகிறது. வில்லின் மரமும் பெரும்பாலும் பனையின் வைரம்தான். வளைந்த அந்த மரத்தில் நாணேற்றி, மணிகள் கட்டி, மண்குடத்தின் கழுத்தில் பொருத்துவார்கள். நடுவில் அமர்ந்து வீசுகோலால் நாணைத் தட்டியபடி கதை பாடுபவர் புலவர். நாஞ்சில் நாட்டில் அவரை அண்ணாவி என்பார்கள். குடத்தின் வாயை மட்டையால் அறைந்து ஒருவர் தாளம் கூட்டுவார். உடுக்கை, தாளம், கட்டை ஆகியவற்றோடு மற்றவர்கள் வலத்திலும் இடத்திலும் அமர்வார்கள். இப்படிப் பக்கத்தில் இருப்பவர்களில்தான் நமக்கு வேண்டியவர் இருக்கிறார்.

புலவர் ஒரு செய்தியைச் சொன்னதும் பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவார். கதை நகர்வதற்கு அது போதும். ஆனால் தேர்ந்த குழுவில் அவர் அத்தோடு நிற்கமாட்டார். அரசன் பன்னிரண்டு ஆண்டு தவமிருந்தான் என்று புலவர் பாடினால், அதுவரை சோற்றுக்கு என்ன செய்தான் என்று கேட்பார். அரண்மனை வருணனை நீண்டால் கூரை ஒழுகுமா என்று விசாரிப்பார். வந்திருக்கும் ஊர்ப் பெரியவரையோ அந்த ஆண்டு மழையையோ நடுவில் இழுத்துவிடுவார். புலவர் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுக் கதைக்குத் திரும்புவார். சபையில் இருப்பவர்கள் மனத்தில் எழுந்து வாய்க்கு வராத கேள்விகளையே அவர் கேட்கிறார் என்பதால் சிரிப்பு எளிதாகக் கிளம்புகிறது. இரவெல்லாம் நடக்கும் கதையில் கூட்டத்தை விழிக்க வைப்பதும் இந்த உரையாடல்தான்.

இந்தக் கேலிக்குக் கதை முழுதும் தெரிந்திருக்க வேண்டும். எந்த அடியில் புலவர் மூச்சு வாங்குவார், எந்த இடத்தில் ராகம் மாறும், எங்கே இடைமறித்தால் கதை அறுந்துவிடும் என்று அறியாதவர் பக்கத்தில் உட்கார முடியாது. புலவரைவிடக் குறைந்த திறமையுள்ளவருக்கு ஒதுக்கிய இடம் அது என்று நினைப்பது தவறு. தாளத்தை விடாமல் பேச்சையும் கையாளுகிற அவருக்கு இரட்டைச் சுமை.

எல்லையும் உண்டு. கதை தெய்வத்தின் மரணத்தை நெருங்கும்போது, சாமியாடும் கோமரத்தாடி மேல் அருள் இறங்கும் நேரத்தில், கேள்வி கேட்பவர் அடங்கிவிடுவார். வில்லின் வேகம் மட்டும் ஏறும். வில்லுப்பாட்டைக் களத்தில் ஆராய்ந்து 1988இல் நூல் எழுதிய ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், இந்த அருளாட்ட நேரத்தையே நிகழ்ச்சியின் உச்சமாகக் காண்கிறார். சிரிப்புக்கு இடம் இருப்பதும், அது விலகவேண்டிய இடம் எல்லோருக்கும் தெரிந்திருப்பதும் ஒரே கலையின் இரு திறமைகள். கோயில் சடங்காக இருந்தும் வில்லுப்பாட்டு நகைச்சுவையை வெளியே தள்ளவில்லை என்பது இந்த வட்டாரத்தின் பெருமைகளில் ஒன்று. உடன்குடியை அடுத்த குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் தசராவின்போதும் இதே மனநிலையைக் காணலாம். நேர்ந்துகொண்டு காளி வேடம் போட்டவரும் குரங்கு, கரடி, குறவன் குறத்தி வேடம் போட்டவர்களும் ஒரே குழுவில் மேளத்தோடு ஊர் ஊராகச் சென்று காணிக்கை பெறுகிறார்கள். சிரிக்க வைக்கிற வேடமும் அங்கே வேண்டுதல்தான்.

இந்தப் பள்ளியிலிருந்து வந்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். 1908இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த அவர் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் போவதற்கு முன் வில்லுப்பாட்டில் பழகியவர். அவருடைய ‘கிந்தனார்’ காலட்சேபத்தை, ஒரு பாட்டின்மேல் ஒரு ரசிகர் செய்த கேலிக்குத் தமிழில் கிடைக்கும் ஆகச் சிறந்த எடுத்துக்காட்டு என்று சொல்லலாம். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள்’ காலட்சேப மேடைகளில் கொடிகட்டிப் பறந்தன. நந்தனார் சிதம்பரம் போக ஏங்கினார். கிந்தன் படிக்க ஏங்குகிறான். கதாகாலட்சேபத்தின் உடை, நடை, பாட்டுக்கும் பேச்சுக்கும் இடையிலான தாவல், பாகவதரின் இழுப்பு, பின்பாட்டுக்காரரின் ஒத்து என எல்லாவற்றையும் கலைவாணர் அப்படியே எடுத்துக்கொண்டார். 1949இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் அது இடம்பெற்றது. அந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுதியவர் அண்ணாதுரை.

கிந்தனாரைக் கேட்டுச் சிரிக்க நந்தனார் தெரிந்திருக்க வேண்டும். நந்தனாரின் பக்தியைச் சிறுமைப்படுத்தும் சொல் அதில் இல்லை. ஏக்கத்தின் இலக்கு மட்டும் இடம் மாறியிருக்கிறது. மூலத்தின் மெட்டும் கட்டும் மனத்தில் ஊறிப்போனவரால்தான் அவற்றுக்குள் புதுக் கதையைப் பிசிறில்லாமல் பொருத்த முடியும். தனக்கு வில்லுப்பாட்டு எழுத இளைஞர் ஒருவரைத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்னைக்கு அழைத்துவந்தவரும் கலைவாணரே. அந்த இளைஞர் சுப்பு ஆறுமுகம். கோயில் கொடையில் இருந்த வில்லைச் சபா, வானொலி, தொலைக்காட்சி மேடைகளுக்குக் கொண்டுபோன அவர் 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். 2022 அக்டோபரில் மறைந்தார். அவர் மேடையில் பக்கத்திலிருந்து கேள்வி கேட்டவர்கள் பெரும்பாலும் அவர் குடும்பத்தினரே.

கடல் கடந்த பாட்டு இந்தக் கரைக்கு வந்தது வானொலி வழியாக. கொழும்பில் ஒலிபரப்பு 1925இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் தங்கள் வீரர்களுக்காக அங்கே நிறுவிய ஆற்றல்மிக்க ஒலிபரப்புக் கருவி, போருக்குப்பின் ரேடியோ சிலோன் கைக்கு வந்தது. 1950இல் அதன் வர்த்தக சேவை தொடங்கிற்று. இரண்டே ஆண்டில் இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய ஒதுக்கிவிட்டார். 1957 அக்டோபரில் விவித பாரதி வரும்வரை, சினிமாப் பாட்டு வேண்டியவர்கள் முள்ளைக் கொழும்புக்குத்தான் திருப்பினார்கள். விவித பாரதி வந்த பிறகும் தூத்துக்குடிக் கரையில் அந்தப் பழக்கம் போகவில்லை. இடையில் மலையோ காடோ இல்லை. மன்னார் வளைகுடா மட்டுமே. மத்திய அலை தெளிவாகக் கேட்டது. காயல்பட்டினத்திலிருந்து தெற்கே உள்ள கரையோர ஊர்களின் வணிகர்களுக்குக் கொழும்பு பிழைப்புக்குப் போகும் ஊராக இருந்ததால், அந்த வானொலியின் தமிழும் இங்கே அந்நியமாகப் படவில்லை.

அந்த வானொலியின் தமிழ்ச் சேவையில் பாட்டை விளையாட்டாக்கிய நிகழ்ச்சிகள் பல. அவற்றில் நிலைத்த புகழ் பெற்றது ‘பாட்டுக்குப் பாட்டு’. பி. எச். அப்துல் ஹமீதின் பெயரோடு பிரிக்க முடியாதபடி அது ஒட்டிக்கொண்டது. போட்டியாளர் பாடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தப்படுவார். கொடுக்கப்படும் எழுத்தில் தொடங்கும் வேறொரு பாட்டை, நேரம் போவதற்குள் அடுத்தவர் எடுக்கவேண்டும். குரல் இனிமைக்கு அங்கே இரண்டாம் இடம், நினைவுக்கே முதலிடம். பின்னால் சன் தொலைக்காட்சி வழியாகவும் தமிழர் குடியேறிய நாடுகளின் மேடைகள் வழியாகவும் இந்த விளையாட்டு பரவி, உண்மையிலேயே பன்னாட்டுத் தமிழ்ப் பாட்டுப் போட்டி ஆயிற்று.

இப்படிப்பட்ட போட்டி கேட்பவரையும் போட்டியாளர் ஆக்கிவிடுகிறது. வானொலியில் இருப்பவர் திணறும்போது வீட்டில் இருப்பவருக்கு விடை தெரிந்திருக்கும். பாட்டு மறந்தவர் வாய்க்கு வந்த சொல்லைப் போட்டு மெட்டை ஒப்பேற்றினால், அது உடனே பிடிபட்டுவிடும். டீக்கடையில் பத்துப் பேர் சேர்ந்து கேட்கும்போது, வில்லுப்பாட்டில் ஒருவர் செய்த வேலையைப் பத்துப் பேரும் செய்கிறார்கள்.

அதே வானொலியின் கே. எஸ். ராஜா இன்னொரு வகை. அவர் அறிவிப்பாளர் இருக்கையிலேயே பக்கப்பாட்டுக்காரரையும் உட்கார வைத்தவர். ‘திரைவிருந்து’ போன்ற நிகழ்ச்சிகளில் படத்தின் வசனத் துண்டையும் பாட்டின் அடியையும் நடுவில் நறுக்கி, தன் கேள்விக்கு நடிகர் பதில் சொல்வதுபோலக் கோத்துவிடுவார். மின்னல் வேகப் பேச்சு. ஆனால் ஓர் இடத்திலும் பாட்டின் தொடக்கத்தை மிதிக்கமாட்டார். இசைத்தட்டு முழுவதையும் மனப்பாடமாக வைத்திருப்பவருக்கே இது கைவரும். இனப்பிரச்சினையின் கொடிய ஆண்டுகளில், 1989இல், அவர் கொல்லப்பட்டார். இரு கரையிலும் லட்சக்கணக்கானோரைச் சிரிக்க வைத்த குரலுக்கு நேர்ந்த அந்த முடிவு, தமிழ் ஒலிபரப்பு வரலாற்றின் ஆறாத இழப்பு.

இலங்கையிலிருந்து வந்த பாட்டுகளிலேயே கேலி கலந்திருந்தது. போர்த்துக்கீசியர் காலத் தாளத்திலிருந்து வளர்ந்த பைலா இசையில் ‘வாத பைலா’ என்று ஒரு பிரிவு உண்டு. பாடகர்கள் எதிரெதிரே நின்று அந்த இடத்திலேயே அடிகளைக் கட்டி ஒருவரை ஒருவர் மடக்கும் போட்டி அது. காமன் எரிந்தானா எரியவில்லையா என்று தஞ்சைப் பக்கத்தில் இரு கட்சியாகப் பிரிந்து லாவணி பாடுபவர்களுக்கு அந்த முறை புதிதாகத் தோன்றாது. 1970களில் ஏ. இ. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற ‘சுராங்கனி’ சிங்களமும் தமிழும் கலந்த பைலா. மீன் கொண்டுவந்த செய்தியைச் சொல்லும் வேடிக்கைப் பாட்டு. இந்தக் கரையின் பரதவர் குடும்பங்களுக்கும் போர்த்துக்கீசியத் தொடர்பு 16ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. முத்துக் குளிப்பும் மீனும் இரு கரைக்கும் பொது என்பதால், அந்தப் பாட்டின் சிரிப்பு அக்கரையில் ஒன்றும் இக்கரையில் ஒன்றுமாகப் பிரியவில்லை. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் அது தமிழ்நாட்டுத் திரைக்கும் வந்தது.

இனி யூரோவிஷனுக்கு வருவோம். அது 1956இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளோடு தொடங்கியது. போரில் சிதைந்த கண்டத்தின் வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் ஒரே இரவில் ஒரே நிகழ்ச்சியை ஒளிபரப்பிப் பார்க்கும் முயற்சி. ஒவ்வொரு நாடும் மிகுந்த முனைப்போடு அனுப்பிய பாட்டுகள், மொழி புரியாத பிற நாட்டவருக்கு விசித்திரமாகக் கேட்டன. உடையும் ஆட்டமும் ஆண்டுக்காண்டு பெருகின. அதைப் பார்க்கும் வீட்டுக்கு ஒரு பக்கப்பாட்டுக்காரர் தேவைப்பட்டார். பிரிட்டனுக்கு அப்படி வாய்த்தவர் அயர்லாந்தின் லிமரிக்கில் பிறந்த டெர்ரி வோகன். 1980 முதல் 2008 வரை பிபிசி தொலைக்காட்சியில் தொடர்ந்து வருணனை செய்தார். பாட்டு முடிந்ததும் பார்வையாளர் மனத்தில் ஓடியதைத் தாழ்ந்த குரலில் அவரே சொல்லிவிடுவார். பலர் பாட்டைவிட அவர் பேச்சுக்காகவே போட்டியைப் பார்த்தார்கள்.

வில்லுப்பாட்டுக்காரருக்கு இருந்த ஒரு வசதி வோகனுக்கு இல்லை. பக்கப்பாட்டுக்காரரின் கேலியைப் புலவர் கேட்கிறார், பதிலும் சொல்கிறார். வோகன் சொன்னது மேடையில் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. 2001இல் கோபன்ஹேகனில் போட்டி நடந்தபோது தொகுப்பாளர் இருவருக்கும் அவர் பட்டப்பெயர் சூட்டிக் கேலி செய்தார். செய்தி டென்மார்க்கில் பரவியதும் அங்கே கொதிப்பு எழுந்தது. பிபிசி மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. எதிரே இருப்பவர் பதில் சொல்ல வாய்ப்பில்லாத இடத்தில் கேலி எவ்வளவு விரைவில் புண்படுத்தும் என்பதற்கு அந்த நிகழ்ச்சி போதும்.

மேடைக்குள்ளேயே ஏறிய கேலியும் உண்டு. 1980இல் பெல்ஜியத்தின் டெலெக்ஸ் என்ற மின்னிசைக் குழு, போட்டியைப் பற்றியே ஒரு பாட்டைக் கட்டி, கடைசி இடம் வாங்கும் ஆசையோடு தி ஹேக் நகருக்குப் போனது. போர்ச்சுகல் 10 புள்ளி கொடுத்துவிட்டதால் 19 பாட்டுகளில் 17ஆவது இடம் கிடைத்தது. 1990களில் அயர்லாந்து அடிக்கடி வென்று, ஒவ்வொரு முறையும் அடுத்த போட்டியை நடத்தும் செலவைத் தலையில் சுமந்தது. ‘ஃபாதர் டெட்’ என்ற நகைச்சுவைத் தொடர் 1996இல் அதை எடுத்துக்கொண்டது. வெற்றி பெறக்கூடாது என்பதற்காகவே இரண்டு பாதிரியார்களின் மோசமான பாட்டை நாடு தேர்ந்தெடுத்து அனுப்புவதாகக் கதை. குதிரையைப் பற்றிய அந்தப் பாட்டு இன்றும் அயர்லாந்தில் பாடப்படுகிறது.

நாடே கேலியை அனுப்பியபோது பலன் இரண்டு விதமாக அமைந்தது. 2007இல் உக்ரைன் அனுப்பியது நகைச்சுவை நடிகர் ஆண்ட்ரி டானில்கோவை. வெள்ளி மின்னும் உடையும் தலையில் பெரிய நட்சத்திரமுமாக ‘வெர்கா செர்துச்கா’ என்ற பெண் பாத்திரமாக அவர் ஹெல்சின்கி மேடை ஏறி, இரண்டாம் இடம் பெற்றார். அடுத்த ஆண்டு அயர்லாந்து ‘டஸ்டின்’ என்ற வான்கோழிப் பொம்மையை அனுப்பியது. அது அரையிறுதியைத் தாண்டவில்லை. வெர்காவின் பாட்டைக் கேலி என்று அறியாமலே ஆடலாம். தாளம், திருப்பம், கூட்டத்தைச் சேர்த்துக்கொள்ளும் இடம் எல்லாம் யூரோவிஷன் இலக்கணத்தை உள்ளிருந்து கற்றவரின் வேலை. டஸ்டினின் பாட்டு போட்டிக்கு வெளியே நின்று அதைப் பார்த்துச் சிரித்தது. கலைவாணர் நந்தனார் மெட்டுக்குள் போய் உட்கார்ந்தது எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை.

வெளியிலிருந்து வரும் சிரிப்பு தமிழ்ப் பாட்டுக்கும் நேர்ந்திருக்கிறது. 2000இல் வெளிவந்த ‘பெண்ணின் மனதைத் தொட்டு’ படத்தில் பிரபுதேவா ஆடிய ‘கல்லூரி வானில்’ பாட்டுக்கு, தமிழ் அறியாத ஓர் அமெரிக்க இளைஞர் தன் காதில் விழுந்த ஒலிக்கு ஏற்ப ஆங்கில வாசகங்களை அடியில் ஓடவிட்டு 2007இல் யூடியூபில் ஏற்றினார். ‘பென்னி லாவா’ என்ற பெயரில் அது உலகமெங்கும் லட்சக்கணக்கான பார்வைகளைப் பெற்றது. அந்தக் கேலிக்குப் பாட்டின் ஒலி மட்டுமே தெரியும். அது காதலைப் பேசுகிறதா, ஊடலைப் பேசுகிறதா என்பது தெரியாது. ஆயினும் பிரபுதேவாவின் ஆட்டத்தை வியந்து தமிழ்ப் படங்களைத் தேடத் தொடங்கியவர்களும் அதன் வழியாக வந்தார்கள். ஏளனமாகத் தொடங்கியது சிலரிடம் ரசனையாக முடிந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

யூரோவிஷன் 2016 முதல் நடுவர் குழுவின் புள்ளிகளையும் மக்கள் வாக்கின் புள்ளிகளையும் தனித்தனியே அறிவிக்கிறது. அதிலிருந்து கேலி கலந்த பாட்டுகளை யார் விரும்புகிறார்கள் என்பது கணக்காகவே தெரிகிறது. 2023இல் லிவர்பூலில் பின்லாந்தின் கேரியா பச்சை நிறக் குட்டைச் சட்டையோடு பாடிய ‘ச ச ச’ மக்களிடம் 376 புள்ளியும் நடுவர்களிடம் 150 புள்ளியும் பெற்றது. நடுவர்களிடம் 340 பெற்ற ஸ்வீடனின் லோரீன் வென்றார். 2025இல் பாசல் நகரில் எஸ்தோனியாவின் டாமி கேஷ், இத்தாலியக் காப்பிப் பழக்கத்தைக் கிண்டலடித்துப் பாடி மூன்றாம் இடம் பிடித்தார். மக்கள் 258, நடுவர்கள் 98. இத்தாலியில் சிலர் போட்டிக்கு முன்பே அந்தப் பாட்டைத் தடை செய்யக் கேட்டிருந்தார்கள். குரல் பயிற்சியையும் இசையமைப்பையும் எடைபோடும் நடுவருக்குச் சிரிப்பை அளக்கும் கருவி கையில் இல்லை. தொலைபேசியில் வாக்களிப்பவர் அதைத் தானே அளந்துவிடுகிறார்.

தமிழில் 2006இல் தொடங்கிய ‘சூப்பர் சிங்கர்’ இன்று கனடா, இலங்கை, ஐரோப்பா என்று பல நாட்டுத் தமிழ்க் குழந்தைகள் வந்து பாடும் மேடை. அங்கே நடுவர் இசை நுட்பத்தைப் பேசுகிறார். மா கா பா ஆனந்த், பிரியங்கா போன்ற தொகுப்பாளர்கள் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் போட்டியாளரையும் நடுவரையும் ஒருவரை ஒருவரும் சீண்டி, பதற்றத்தைக் குறைக்கிறார்கள். பாடுகிறவர் எதிரிலேயே நின்று திருப்பிப் பதில் சொல்ல முடிவதால், வோகனைவிட அவர்கள் பக்கப்பாட்டுக்காரருக்கே நெருங்கிய உறவு. நடுவர் போடும் மதிப்பெண்ணில் அந்தச் சிரிப்புக்குத் தனிப் பங்கு கிடையாது.